பேண்ட் வந்துருச்சு! சரி, யாரோட பேண்ட்?

ரெசிஸ்டன்ஸ் அளப்பதற்கு முன்னால் மல்டிமீட்டரின் இரண்டு ப்ரோபையும் ஒன்றோடொன்று தொட்டு, பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று பார்ப்பீங்க இல்லையா? முதல் வருட லேபிலேயே பழகிய விஷயம் அது. எங்கள் பயோடெக் பக்கம் மட்டும் ஏனோ இந்தப் பழக்கம் இன்னும் சரியாக வரவில்லை. ஆன்டிபாடியும் ஒரு அளவுக் கருவிதான். ஆனால் டியூபில் ஒட்டியிருக்கும் லேபிளை நம்பியே ரிசல்ட் எழுதிவிடுகிறோம்.

மற்ற டிபார்ட்மென்ட் நண்பர்களுக்காகச் சுருக்கமாக: செல்லிலிருந்து எடுத்த புரதங்களை எடை வாரியாக ஜெல்லில் பிரித்து, ஒரு மெம்பரேனுக்கு மாற்றி, நாம் தேடும் புரதத்தில் மட்டும் போய் ஒட்டும் ஆன்டிபாடியை ஊற்றுவோம். அதன்மேல் ஒளி தரும் இரண்டாவது ஆன்டிபாடி. கோடாகத் தெரிவதுதான் பேண்ட். இதுதான் வெஸ்டர்ன் பிளாட்.

எங்கள் இறுதியாண்டு ப்ராஜெக்டில் தேடியது சிஎல்சி-3 என்ற புரதத்தை. குளோரைடு சேனல் குடும்பத்தைச் சேர்ந்தது. (குடும்பப் பெயர்தான் சேனல். உண்மையில் இது குளோரைடை விட்டு புரோட்டானை வாங்கும் எக்ஸ்சேஞ்சர்.) எடை சுமார் 85 முதல் 90 கிலோடால்டன். வாங்கியது 100 மைக்ரோலிட்டர் ஆன்டிபாடி. விலையைக் கேட்டால் ஹாஸ்டல் ஃபீஸ் ஞாபகம் வரும். மூன்று வாரம் போராடி ஒரு பேண்ட் வந்தது. 55-இல்!

"புரதம் உடைஞ்சு போயிருக்கும்டா, டீக்ரடேஷன்னு எழுதிடலாம்" என்றான் டீம்மேட். உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த ஆசை இருந்தது. ரிவியூவுக்கு நான்கு நாள்தான் பாக்கி. கடைசியில் மனசு கேட்காமல், முதல் ஆன்டிபாடியே ஊற்றாமல், இரண்டாவதை மட்டும் ஊற்றி இன்னொரு முறை ஓட்டினோம். அதே 55-இல் அதே பேண்ட். நாங்கள் கொண்டாடியது சிஎல்சி-3-ஐ அல்ல. இரண்டாவது ஆன்டிபாடி வேறு எதிலோ போய் ஒட்டியதை.

இது மாணவர்கள் மட்டும் விழும் குழி என்று நினைக்காதீங்க. சிஎல்சி-3, 4, 5 மூன்றும் அமினோ அமில வரிசையில் கிட்டத்தட்ட 80 சதவீதம் ஒத்துப்போகும் அண்ணன் தம்பிகள். ஒன்றுக்குச் செய்த ஆன்டிபாடி மற்றதையும் பிடிப்பதில் ஆச்சரியமே இல்லை. 2001-இல் ஜெர்மனியின் தாமஸ் யென்ச் குழு சிஎல்சி-3 ஜீனையே நீக்கிய எலிகளை உருவாக்கியது. புரதமே இல்லாத அந்த எலிகளின் திசுவோடு ஒப்பிட்ட பிறகுதான், புழக்கத்தில் இருந்த ஆன்டிபாடிகளில் சில அங்கேயும் பிரகாசமாக ஒளிர்வது தெரிந்தது. 2023-இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் பெரியது. 65 புரதங்களுக்காகக் கடையில் விற்கும் 614 ஆன்டிபாடிகளை, அந்தந்த ஜீனை நீக்கிய செல்களில் போட்டுப் பார்த்தார்கள். தேறாத ஆன்டிபாடிகளை வைத்து ஏற்கெனவே ஏராளமான பேப்பர்கள் வந்திருந்தன. நம் லிட்டரேச்சர் சர்வேயில் கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பதும் இந்த மாதிரிப் பேப்பர்களைத்தானோ?

ஜீன் நீக்கிய செல்லுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயம்தான், நம் லேபில் அது இல்லை. ஆனால் முதல் ஆன்டிபாடி இல்லாத ஒரு லேனுக்கு ஒரு ரூபாய் கூடுதல் செலவு கிடையாது. லாட் நம்பரை எழுதி வைக்கவும் செலவில்லை. முயலிலிருந்து எடுக்கும் பாலிக்ளோனல் என்றால், வேறு முயல், வேறு ஆன்டிபாடி; போன வருட சீனியருக்கு வேலை செய்தது உங்களுக்கும் செய்யும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. சாம்பிளை 95 டிகிரியில் கொதிக்க வைக்காதீங்க. சவ்வுப் புரதங்கள் கட்டிதட்டி ஜெல்லின் தலையிலேயே நின்றுவிடும். எங்கள் 85 காணாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

பிளாட்டை வெட்டாமல் முழுதாக ரிப்போர்ட்டில் போட்டோம். ரிவியூவில் "அப்போ ரிசல்ட்டே இல்லையா?" என்றார்கள். மார்க் குறைந்தது. அழகாக வெட்டிய பேண்டுக்கு மார்க், கண்ட்ரோல் லேனுக்கு மார்க் இல்லை என்றால், அடுத்த பேட்ச் எதைச் செய்யும்? ரிவியூ ஷீட்டில் கண்ட்ரோலுக்கென்று ஐந்து மார்க் தனியாக ஒதுக்குங்கள் என்று டிபார்ட்மென்டில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

அந்த டியூப் மைனஸ் 20 ஃப்ரீசரில், இரண்டாவது தட்டில், பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. ஜூனியர்ஸ் தாராளமாக எடுத்துக்கலாம். மூடியில் லாட் நம்பரும், 55-இல் வருவதை நம்பாதே என்ற துண்டுச்சீட்டும் ஒட்டியிருக்கிறோம்.