எதிர்வீட்டு மொட்டை மாடியில் டவர், பக்கத்து வீட்டில் கூடுதல் மாடி: உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?

ஞாயிற்றுக்கிழமை காலை. பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால், எதிர்வீட்டு மொட்டை மாடிக்குக் கயிறு கட்டி இரும்புக் கம்பங்களை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். மத்தியானத்துக்குள் மூன்று கம்பங்கள் நின்றன. ஒவ்வொன்றிலும் நீளமான வெள்ளைப் பெட்டி, தண்ணீர் டேங்க் பக்கத்தில் ஒரு பேட்டரி அலமாரி. சாயங்காலம் தெரு வாட்ஸ்அப் குரூப் நிரம்பி வழிந்தது. "குருவி எல்லாம் போயிடும்", "கேன்சர் வரும்னு படிச்சேன்", "யார்கிட்ட பர்மிஷன் வாங்கினாங்க?" நடுவில் ஒருத்தர் மட்டும், "இனிமேலாவது வீட்டுக்குள்ள சிக்னல் கிடைக்குமா?"

எங்கள் தெருவில் நடந்தது இது. குரூப்பில் யாரும் கவனிக்காத ஒன்று அந்தக் காட்சியிலேயே இருந்தது. டவர் வந்த வீட்டுக்கு நேர் எதிரே, ஒரு மாடி வீட்டின் மேல் இன்னொரு தளம் எழும்பிக்கொண்டிருந்தது. தூண் கம்பியெல்லாம் கட்டியாச்சு. அந்தத் தளம் முடிந்ததும் அதன் படுக்கையறை ஜன்னல் கிட்டத்தட்ட ஆன்டெனாவின் உயரத்துக்கு வரும். நடுவில் இருப்பது 30 அடித் தெரு, அதாவது சுமார் 9 மீட்டர்.

டவரை அனுமதிக்கும் விதி எதிரே வரும் தளத்தைப் பார்ப்பதில்லை. தளத்தை அனுமதிக்கும் விதி எதிரே நிற்கும் டவரைப் பார்ப்பதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற ஒரு இடம் நம் ஊரில் கிடையாது. கேன்சர் பயத்தைவிட எனக்கு இதுதான் பெரிய பிரச்சினையாகத் தெரிகிறது.

டவருக்கு யார் அனுமதி கொடுக்கிறார்கள்?

தனியார் கட்டடம் என்றால், பெரும்பாலும் கட்டட உரிமையாளர்தான். 2022 ஆகஸ்ட்டில் மத்திய அரசு வழித்தட உரிமை விதிகளைத் திருத்தியது. 5ஜி வேகமாக வர வேண்டும் என்பது நோக்கம். தனியார் சொத்தின் மேல் டவரோ கம்பமோ வைக்க எந்த அரசு அமைப்பின் அனுமதியும் தேவையில்லை, உரிமையாளருடன் ஒப்பந்தம் இருந்தால் போதும் என்றது அந்தத் திருத்தம். உள்ளாட்சிக்கு முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும். கட்டடம் அந்தப் பாரத்தைத் தாங்கும் என்று ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரின் சான்றிதழையும் இணைக்க வேண்டும். அதன்பின் 2023 தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. அதன் கீழான புதிய வழித்தட உரிமை விதிகள் 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கின்றன. போகும் திசை அதேதான்: தடைகளைக் குறை, வேலையை வேகப்படுத்து.

இதில் எனக்கு முழு எதிர்ப்பு கிடையாது. சிக்னல் இல்லாத பெட்ரூமில் உட்கார்ந்து ஆபீஸ் மீட்டிங் அட்டெண்ட் பண்ணியவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். ஆனால் விதியில் பக்கத்து வீட்டுக்காரர் எங்கே வருகிறார்? எங்குமே இல்லை. தகவல் மாநகராட்சிக்குப் போகிறது, தெருவுக்கு வருவதில்லை. சான்றிதழ் ஃபைலில் இருக்கிறது, எதிர்வீட்டுக்காரர் கண்ணில் படுவதில்லை. 2016 டிசம்பர் வர்தா புயலில் சென்னையில் மரங்கள் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு, மொட்டை மாடிக் கம்பம் எந்தக் காற்றைத் தாங்கும் என்று கேட்கும் உரிமையாவது இருக்க வேண்டாமா?

இன்னொரு வேடிக்கை. டவர் ஒரு கட்டடமா? அகமதாபாத் மாநகராட்சி வழக்கில், 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆமாம் என்றது. சொத்து வரி போடும் அதிகாரத்தைப் பொறுத்தவரை மொபைல் டவரும் 'கட்டடம்' என்ற சொல்லுக்குள் வரும் என்பது தீர்ப்பு. 2023 சட்டமோ, தொலைத்தொடர்பு நெட்வொர்க்கை அது நிற்கும் சொத்தின் பகுதியாகக் கருதக் கூடாது, சொத்து வரிக்காகவும்கூட, என்கிறது. ஏழு வருஷத்தில் கட்டடமாக இருந்தது கட்டடத்தோடு சம்பந்தமே இல்லாததாக மாறிவிட்டது. கனம் மட்டும் அதே தளத்தின் மேல்தான் இருக்கிறது.

ஃப்ளாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவில் மொட்டை மாடி பொதுப் பகுதி. அசோசியேஷன் செயலாளர் ஒருத்தர் கையெழுத்துப் போட்டு வாடகை பேசி முடிப்பதற்கு அது அவருடைய தனிச் சொத்து அல்ல. பொதுக்குழுவில் வைத்து, பதிவு செய்யச் சொல்லுங்கள். "உங்க மொட்டை மாடியில டவர் வைக்கிறோம், மாசம் பெரிய வாடகை, முதல்ல பதிவுக் கட்டணம் கட்டுங்க" என்று போன் வந்தால் உடனே கட் பண்ணிவிடுங்கள். டவர் வைக்க தடையில்லாச் சான்று எதையும் தாங்கள் கொடுப்பதில்லை என்று டிராய் பலமுறை எச்சரித்திருக்கிறது.

சரி, கேன்சர்?

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-ல் ரேடியோ அலைக் கதிர்வீச்சை '2பி' பட்டியலில் வைத்தது. புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம், ஆனால் ஆதாரம் போதாது என்பது அதன் பொருள். ஆசிய பாணி காய்கறி ஊறுகாயும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. 2012 செப்டம்பரிலிருந்து இந்தியா தன் வரம்பை, சர்வதேசப் பரிந்துரையின் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 4.5 வாட் என்றிருந்தது 0.45 வாட் ஆனது. சந்தேகம் இருந்தால் மத்திய அரசின் தரங் சஞ்சார் தளத்தில் 4,000 ரூபாய் கட்டி உங்கள் வீட்டிலேயே அளக்கச் சொல்லலாம். குரூப்பில் ஃபார்வேர்டு அனுப்புவதைவிட அது உருப்படியான வேலை.

ஆன்டெனா பல்பு மாதிரி எல்லாப் பக்கமும் கொட்டாது. டார்ச் லைட் மாதிரி முன்னால் நேராக அடிக்கும். அதனால் டவருக்கு நேர் கீழே இருக்கும் வீட்டைவிட, எதிரே அதே உயரத்தில் இருக்கும் ஜன்னல்தான் கவனிக்க வேண்டிய இடம். தொலைத்தொடர்புத் துறையே 2013-ல் மாநிலங்களுக்கு அனுப்பிய வழிகாட்டுதலில், ஆன்டெனாவுக்கு நேர் முன்னால் அதே உயரத்தில் உள்ள கட்டடத்துக்கு இடைவெளி சொல்லியிருந்தது. ஒரு ஆன்டெனா என்றால் 20 மீட்டர், இரண்டு என்றால் 35 மீட்டர். வழிகாட்டுதல்தான், கறார் சட்டமல்ல. ஆனாலும் எங்கள் தெருவின் 9 மீட்டரை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

டவர் வைத்த அன்றைக்கு எதிரே வானம்தான் இருந்தது, எல்லாம் சரி. ஆறு மாதம் கழித்து அங்கே ஒரு ஜன்னல் வருகிறது. இதை யார் கவனிப்பார்கள்?

மேலே ஒரு தளம்

கட்டடம் மாநில அரசின் கையில். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 என்பதுதான் அடிப்படை. உயரம், தளப் பரப்புக் குறியீடு, பக்கவாட்டில் விட வேண்டிய இடம் எல்லாம் அதில் எண்களாக இருக்கின்றன. 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்டுபவர்கள் சுயசான்று கொடுத்து ஆன்லைனில் உடனே அனுமதி வாங்கிவிடலாம். லஞ்சமும் அலைச்சலும் குறையும் என்றால் நல்ல விஷயம்தான். அடுக்குமாடி உயரக் கட்டடங்களைப் பார்க்க சிஎம்டிஏவில் ஒரு குழு இருக்கிறது, பாரம்பரியக் கட்டடங்களுக்கு ஒரு குழு இருக்கிறது. நம்மில் பெரும்பாலானோர் வாழும் சாதாரணத் தெருவுக்கு ஒன்றும் இல்லை.

அப்புறம் நம்ம ஊர் ஸ்பெஷல்: முதலில் கட்டு, பிறகு வரன்முறை செய். 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113ஏ, 113சி என்று பிரிவுகளைச் சேர்த்து, விதிமீறிக் கட்டியதைக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஏற்கும் வழியைத் திறந்தார்கள். 2011-ல் தி.நகர் ரங்கநாதன் தெருவில் கடைகளுக்கு சீல் வைத்தபோது ஊரே பார்த்தது. கட்டும்போது கேட்க ஆளில்லாமல், கட்டி முடித்து வியாபாரம் களைகட்டிய பிறகு பூட்டுப் போடுகிற வழக்கம் யாருக்கு நல்லது? வீட்டுக்காரருக்கும் நஷ்டம், பக்கத்து வீட்டுக்கும் தலைவலி.

வெளியே எப்படிச் செய்கிறார்கள்?

அமெரிக்காவில் இதற்கு 'டிசைன் ரிவ்யூ' என்று பெயர். சிலிக்கான் பள்ளத்தாக்கின் பாலோ ஆல்டோ நகரத்தில் ஐந்து பேர் கொண்ட கட்டட வடிவமைப்புக் குழு இருக்கிறது. அதில் மூன்று பேராவது ஆர்க்கிடெக்ட் போன்ற துறைசார்ந்தவர்களாக இருக்க வேண்டும். தனி வீட்டுக்கு மேல்மாடி எடுப்பதற்கும் அங்கே தனியாக ஒரு பரிசீலனை உண்டு. புது ஜன்னல் பக்கத்து வீட்டுக்குள் நேராகப் பார்க்கிறதா என்பதெல்லாம் அங்கே முறையான கேள்வி. நம்ம ஊரில் அது ஜன்னலுக்கு ஜன்னல் நடக்கும் சண்டை.

ஆன்டெனா விஷயத்தில் அவர்களுடைய 1996 தொலைத்தொடர்புச் சட்டம் ஒரு விநோதமான சமரசம். எங்கே வைப்பது, எப்படித் தெரிய வேண்டும் என்று நகரசபை முடிவு செய்யலாம். ஆனால் ஆன்டெனா மத்திய கதிர்வீச்சு வரம்புக்குள் இருந்தால், கதிர்வீச்சைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. மறுத்தால் எழுத்தில், ஆதாரத்தோடு சொல்ல வேண்டும்.

இதன் நல்ல உதாரணம் ஜார்ஜியா மாநிலத்தின் ராஸ்வெல் நகரம். டி-மொபைல் நிறுவனம் குடியிருப்புப் பகுதியில் 108 அடி உயரத்தில் ஒரு டவர் கேட்டது. பைன் மரம் மாதிரி வேஷம் போட்ட டவர். சுற்றியுள்ள நிஜ மரங்களைவிட இந்தப் 'போலி மரம்' ரொம்ப உயரம் என்று மக்கள் எதிர்த்தார்கள். 2010-ல் நகரசபை மறுத்தது. மறுப்புக் கடிதத்தில் காரணம் இல்லை. காரணங்கள் இருந்த கூட்டக் குறிப்பு 26 நாள் கழித்துத்தான் வெளியானது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015 ஜனவரியில் தீர்ப்பு வந்தது: மறுக்கலாம், ஆனால் காரணத்தை எழுத்தில், மறுப்போடு சேர்ந்தாற்போல் கொடுக்க வேண்டும். நகரம் தோற்றது. அழகைப் பற்றிக் கவலைப்பட்டதற்காக இல்லை, காரணம் சொல்லத் தாமதித்ததற்காக.

இதே டிசைன் ரிவ்யூவுக்குக் கெட்ட முகமும் உண்டு, மறைக்க வேண்டாம். கலிஃபோர்னியாவில் வீட்டு விலை விண்ணைத் தொட்டதற்கு இப்படிப்பட்ட குழுக்களும் ஒரு காரணம் என்று பலர் சொல்கிறார்கள். "எங்க தெருவோட தன்மை கெட்டுடும்" என்று சொல்லியே புது வீடுகளை வருடக்கணக்கில் இழுத்தடித்தார்கள். கடைசியில் மாநில அரசே 2019-ல் சட்டம் போட்டு, விதிக்கு உட்பட்ட ஒரு குடியிருப்புத் திட்டத்துக்கு ஐந்து விசாரணைக் கூட்டங்களுக்கு மேல் கூடாது என்றது. நம்ம ஊரில் இப்படி ஒரு குழு வந்தால், "பேச்சுலருக்கு வாடகைக்கு விடுற மாடி வேண்டாம்", "அசைவம் சமைக்கிறவங்க வருவாங்க" என்று ஆரம்பிக்க எத்தனை நாள் ஆகும்? வார்டு லெவலில் கமிஷன் பார்க்க இன்னொரு கதவு திறந்துவிட்டதாகவும் ஆகலாம். வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்தப் பயம் நியாயமானது என்று தெரியும்.

அதனால் எனக்கு வேண்டியது ரசனைக் கமிட்டி இல்லை. ராஸ்வெல் வழக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒழுங்கு: முன்கூட்டியே தெரிந்த கேள்விகள், ஒரு காலக்கெடு, எழுத்தில் பதில். டவரோ தளமோ, வேலை தொடங்கும் முன் வாசலில் ஒரு பலகை. அதில் உயரம், பாரம், ஆன்டெனா பார்க்கும் திசை, சான்று கொடுத்த இன்ஜினீயரின் பதிவு எண். கேட்கக்கூடிய கேள்விகளும் பட்டியலில் உள்ளவை மட்டும்: கட்டடம் தாங்குமா, எதிரே எத்தனை மீட்டர், ஜெனரேட்டர் சத்தம் எந்தப் பக்கம், தீ விபத்து நேர்ந்தால் மாடிப்படிக்கு வழி இருக்கா, ஜன்னல் யார் வீட்டைப் பார்க்கிறது. யார் குடிவரப் போகிறார்கள் என்பது கேள்வியே இல்லை. குறித்த நாளுக்குள் மாநகராட்சி பதில் சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாக அர்த்தம். ஆன்டெனாக்களின் பட்டியலும் பிளான் அப்ரூவல்களும் ஒரே மேப்பில் இருந்தால், பாதிக் கேள்விகளுக்கு கம்ப்யூட்டரே பதில் சொல்லிவிடும்.

இதற்குப் புதுச் சபை எதுவும் தேவையில்லை. தமிழ்நாட்டில் நகர்ப்புற வார்டு குழுக்களும் ஏரியா சபைகளும் காகிதத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று பம்மலில் முதல்வரே ஏரியா சபைக் கூட்டத்தில் உட்கார்ந்தார். தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால் பற்றி அங்கே பேசலாம் என்றால், தலைக்கு மேல் வரும் கம்பத்தைப் பற்றியும் பேசலாம்.

எங்கள் தெருவில் மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து 4,000 ரூபாய் போட்டு அளவீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். எதிரே தளம் கட்டுபவரிடம் ஆன்டெனா பற்றிச் சொன்னபோது அவருக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை. "மேஸ்திரிகிட்ட கேட்டு ஜன்னலைப் பக்கவாட்டுல மாத்திக்கலாமா பார்க்கிறேன்" என்றார். போன வாரம் பார்த்தபோது சாரம் கட்டி முடித்திருந்தார்கள். ஜன்னல் எந்தப் பக்கம் வரும் என்று இன்னும் தெரியவில்லை.