மச்சான் பிடித்த கயிறு

மச்சினனுக்கும் எனக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. காரணம், நாற்பதாயிரம் ரூபாய். செகண்ட் ஹாண்ட் கார் வாங்கக் கைமாற்றாக வாங்கினான். கார் வந்தது, பணம் வரவில்லை. 'ரெண்டு பேரும் ஒரு நாள் ஊர் சுத்திட்டு வாங்க, எல்லாம் சரியாயிடும்' என்று வீட்டு ஹைகோர்ட் தீர்ப்பு. ஆக, தூத்துக்குடியிலிருந்து மணப்பாடு வரை, என் நாற்பதாயிரத்தின் மேலேயே உட்கார்ந்து பயணம்!

புறப்படும்போது கால் கிலோ மக்ரூன். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. 'எடுத்துக்குங்க அத்தான்' என்று நீட்டினான். எடுத்துக்கொண்டேன். பேசவில்லை. கொள்கை வேறு, மக்ரூன் வேறு.

முதலில் கொற்கை. பாண்டியர்களின் முத்துத் துறைமுகம். இங்கே தண்டனைக் கைதிகளை முத்துக் குளிக்க இறக்கினார்கள் என்று, முதல் நூற்றாண்டில் 'பெரிப்ளூஸ்' எழுதிய பெயர் தெரியாத கிரேக்கர் சொல்கிறார். செல்போன் மேப் 'வந்துவிட்டீர்கள்' என்றது. இறங்கினால் வாழைத்தோட்டம்! தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலில், கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஆடு மேய்ப்பவரிடம், 'துறைமுகம் எங்கேங்க?' என்றேன். 'கொஞ்சம் லேட்டா வந்துட்டீய' என்றார்.

கடலைத் துரத்திக்கொண்டு புன்னைக்காயல் போனோம். வலையில் கிழிசல் தைத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் முத்தைப் பற்றிக் கேட்டேன்.

'கடைசியாக் குளிச்சது 1961-ல. எனக்குப் பத்து வயசு. பொறவு பார்ல சிப்பி சரியா விளையல. எங்கய்யா கல்லுல காலை வச்சு சர்ர்னு இறங்குவாரு. ஒரு நிமிசம், ஒண்ணரை நிமிசம்தான் மூச்சு. மேல தோணியில கயிறு பிடிக்கது யாரு தெரியுமா? எங்க தாய்மாமன்.'

'ஏன், கூடப் பிறந்த அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாதா?'

'அவனுக்குச் சொத்துல பங்கு உண்டுல்லா! மச்சான் கயித்தை விட்டா, தாலி அறுக்கது அவன் தங்கச்சியில்லா!'

மச்சினன் கடலைப் பார்த்தான். நான் வலையைப் பார்த்தேன்.

பிரிட்டிஷ் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. ஆயிரம் ஆயிரமாக, திறக்காமலே ஏலம். உள்ளே முத்தா, வெறும் சதையா என்பது வாங்கினவன் தலையெழுத்து. உயிரைப் பணயம் வைத்து மூழ்கினவனுக்கு மிச்சம் ஒரு பங்கு.

பெரியவர் தொடர்ந்தார்: 'ஒரு வருசம் எங்கய்யாவுக்கும் மாமனுக்கும் பணத் தகராறு. கரையில முகம் பார்க்க மாட்டாவ. ஆனாலும் கயிறு மாமன் கையிலதான். எங்கய்யா வேற ஆள நம்பல. மாமனும் வேற ஆள்ட்ட குடுக்கல.'

மணப்பாட்டில், 1542-ல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது இருட்டிவிட்டது. திரும்பும் வழியில் எதிரே ஒரு லாரி, கண்ணைக் குருடாக்கும் ஹெட்லைட்டோடு, நேரே எங்கள் மேல் வந்தது. மச்சினன் ஸ்டியரிங்கை ஒடித்து, மண்ணில் இறக்கி, நிறுத்தினான். அவன் இடது கை என் நெஞ்சுக்குக் குறுக்கே இருந்தது. வெகுநேரம் எடுக்கவில்லை.

'அடி ஒண்ணும் படலையே அத்தான்?'

'இல்லப்பா' என்றேன். இரண்டு வருஷத்தில் முதல் வார்த்தை.

நாற்பதாயிரமா? அது கொற்கைக் கடல் மாதிரி, வருஷா வருஷம் தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறது. போகட்டும். கயிறு அவன் கையில் இருக்கிறது.