மூச்சுக்கும் பஞ்சமா?

மதுரையில் வெயில் கொளுத்துவது புதிதல்ல. வீதிகளில் புழுதி பறப்பதும் புதிதல்ல. ஆனால், இவை ஊரின் இயல்பென்று சொல்லிச் சும்மா இருந்துவிடும் காலம் போய்விட்டது என்பதே நமது அபிப்பிராயம்.

தேசியத் தூய காற்றுத் திட்டத்தை மத்திய சர்க்கார் 2019-ம் வருஷத்தில் தொடங்கினர். சென்னை, திருச்சி, தூத்துக்குடியுடன் மதுரையும் அதில் சேர்ந்தது. தூசியை 2025-26-ம் வருஷத்திற்குள் 40 சதவிகிதம் வரை குறைக்க வேண்டுமென்று பின்னர் இலக்கும் வகுக்கப்பட்டது. இலக்கு வகுப்பது சுலபம். தூசி கிளம்பும் இடத்திலேயே அதை நிறுத்துவதல்லவா காரியம்?

அது கிளம்பும் இடங்களை யாவரும் அறிவர். டீஸல் வண்டிகளின் புகை, தார் பெயர்ந்த தெரு, மூடாமல் மணல் ஏற்றிச் செல்லும் லாரி, தெருமுனையில் எரியும் குப்பை ஆகியவையே அவை. மழை பொய்த்தால், வறண்ட கண்மாய்களும் வைகை மணலும் தம் பங்கைச் சேர்க்கின்றன. உஷ்ணம் ஏற ஏற, வண்டிப் புகை வெயிலில் மாறி ஓஸோன் என்னும் நச்சு வாயுவாவதும் அதிகமாகும்.

இவற்றுள் கொடியது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள். மயிரிழையின் பருமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கேயுள்ள இது, நுரையீரலின் அடிவரை சென்று இரத்தத்திலும் கலக்கிறது. இழுப்பை மிகுவிக்கிறது, இருதயத்தையும் கெடுக்கிறது. இதற்கு உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் வகுத்த வருஷ சராசரி வரம்பு, கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். நமது சர்க்கார் 2009-ல் வகுத்ததோ 40. நுரையீரலுக்குத் தேச பேதம் உண்டா?

செல்வர் கண்ணாடிக் கதவை அடைத்துக்கொள்ளலாம். விடியுமுன் தெருக் கூட்டும் தொழிலாளியும், மாட்டுத்தாவணியில் நாள் முழுதும் பழம் விற்கும் தாயும் எந்தக் கதவை அடைப்பார்கள்?

சட்டத்திற்குக் குறைவில்லை. காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-லேயே வந்தது. குப்பையை வெளியில் எரிப்பதை 2016-ம் வருஷத்து விதிகள் தடுத்தன. குறைவு அமுலில்தான். மாநகராட்சி குப்பை எரிவதை நிறுத்தட்டும், தெருக்களைச் செப்பனிடட்டும், காற்றின் அன்றாட அளவை வார்டுதோறும் தமிழில் எழுதி வைக்கட்டும்.

ஜனங்களுக்கும் ஒரு வார்த்தை. போகியன்று வாசலில் டயரைக் கொளுத்திவிட்டு அதிகாரிகளைக் குறை கூறுவது நியாயமாகாது. அந்நியன் ஆண்ட நாளில் அவன்மீது பழி சுமத்தினோம். இன்று ஆள்வோரும் நம்மவர், சுவாசிப்போரும் நம் குழந்தைகள். பழியைச் சுமத்த வேறு ஆளில்லை.