ஒரு நாளுக்கு இரண்டு வாடகை

மதுரைக்கு வடகிழக்கே, மேலூர்ப் பக்கத்தில் இருக்கிறது திருவாதவூர். மாணிக்கவாசகர் பிறந்த ஊர். அந்த ஊர்க் கதை தமிழ் படித்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். குதிரை வாங்கி வரச் சொல்லிப் பாண்டியன் தன் அமைச்சரிடம் பொன்னைக் கொடுத்தனுப்பினான். அமைச்சர் அதைத் திருப்பெருந்துறையில் சிவப்பணிக்குச் செலவிட்டுவிட்டார். அரசன் கணக்குக் கேட்டான். நரிகள் பரிகளாக வந்தன. இரவோடிரவாகப் பரிகள் மறுபடியும் நரிகளாயின. வாதவூரர் வைகையின் சுடுமணலில் நிறுத்தப்பட்டார். ஆவணி மூலத் திருவிழாவில் மதுரை இன்றும் இந்த லீலையைக் கொண்டாடுகிறது.

பக்தர்கள் இந்தக் கதையில் இறைவனின் கருணையைக் காண்கிறார்கள். நானும் காண்கிறேன். ஆனால் சென்ற வைகாசிக்குப் பிறகு, இதில் வேறொன்றும் என் கண்ணில் படுகிறது. ஒரு காரியத்துக்கென்று முன்பணம் வாங்கியவர், எத்தனை பெரியவராக இருந்தாலும், அந்தப் பணத்துக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். வாதவூரருக்கே விலக்கில்லாத அந்தக் கடமை, நம் காலத்தில் ஒரு சாராருக்கு மட்டும் இல்லாமற் போயிற்று. அவர்கள் கல்யாண மண்டபக்காரர்கள்.

திருவாதவூரில் எனக்கு மாமா முறையாகும் ஒருவர் இருக்கிறார். சொற்ப நிலம் வைத்திருக்கும் சம்சாரி. மகள் கல்யாணத்துக்கு ஒரு மண்டபத்தைப் பேசி முடித்தார். வாடகை 90,000 ரூபாய். பாதியை முன்பணமாகக் கட்டினார். 45,000 ரூபாய் என்பது உங்களுக்கும் எனக்கும் ஒரு தொகை. அவருக்கு அது களத்துமேட்டிலிருந்து வண்டியேறிய முப்பது மூட்டை நெல்.

முகூர்த்தத்துக்கு இருபது நாள் இருக்கையில் மாப்பிள்ளையின் தாத்தா காலமாகிவிட்டார். துக்க வீட்டில் உடனே மேளம் கொட்ட முடியுமா? கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளி வைத்தார்கள். மாமா மண்டபத்துக்குப் போய் விஷயத்தைச் சொல்லி, தேதியை மாற்றித் தரும்படி கேட்டார்.

“அதெல்லாம் வழக்கமில்லை, பெரியவரே. ரசீதுக்குப் பின்னால் பாருங்கள். ஆவணியில் வேண்டுமானால் புதிதாக அட்வான்ஸ் கட்டுங்கள்” என்றார் மானேஜர்.

மாமா ரசீதைத் திருப்பிப் பார்த்தார். எறும்பு ஊர்ந்ததுபோல் ஆங்கிலத்தில் பதினாறு விதிகள் அச்சடித்திருந்தன. பணம் வாங்கும்போது அவற்றில் ஒன்றையாவது அவருக்குப் படித்துச் சொன்னவர் யாருமில்லை.

இத்தோடு நின்றிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். எந்த நாளில் அவர் மகளுக்குக் கல்யாணம் நடக்க வேண்டியிருந்ததோ, அந்த நாளில் வேறு வேலையாக நானும் அவரும் அந்தத் தெரு வழியே போக நேர்ந்தது. மண்டப வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. உள்ளே நாதசுரம் ஒலித்தது. யார் வீட்டுக் குழந்தைக்கோ காதுகுத்து. மாமா சற்று நின்று பார்த்தார்.

“மாப்ளே, அவுக வீட்டு விசேஷத்துக்கு நானும் பாதி வாடகை கொடுத்திருக்கேன். ஒரு வாய் சாப்பிட்டுப் போவமா?” என்றார்.

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மண்டபக்காரர் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் பூட்டிக் கிடக்கும். வருஷத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய முகூர்த்த நாட்களை நம்பித்தான் அந்தத் தொழில் ஓடுகிறது. ஒருவர் நாளைப் பிடித்து வைத்துக்கொண்டு கடைசி நேரத்தில் கைவிட்டால் அந்த நாள் வீணாகும். அதற்கு ஈடாக முன்பணத்தை வைத்துக்கொள்வதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நாள் வீணாகாதபோது? அதே நாளை வேறொருவருக்கு முழு வாடகைக்கு விட்ட பிறகும் முதல்வரின் பணத்தைத் தராமலிருப்பதற்கு என்ன பெயர்? ஒரே மாட்டை இரண்டு பேருக்கு விற்பதற்கு நம் கிராமங்களில் ஒரு பெயர் உண்டு. அச்சில் வராது என்பதால் இங்கே எழுதவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 74-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. ஒப்பந்தத்தை மீறியவர் கட்ட வேண்டிய தொகை என்று எவ்வளவு எழுதியிருந்தாலும், அதற்கு மேற்படாமல் நியாயமான ஈடு மட்டுமே கிடைக்கும் என்பது அதன் சாரம். 2015-ல் சுப்ரீம் கோர்ட் முன் வந்த ஒரு வழக்கைப் பாருங்கள். டில்லி வளர்ச்சி ஆணையம் 1982-ல் ஒரு மனையை ஏலம் விட்டது. ஏலம் எடுத்த நிறுவனம் கட்டிய 78 லட்ச ரூபாயைப் பின்னர் பறிமுதல் செய்தது. 3 கோடியே 12 லட்சத்துக்குப் போன அதே மனை, 1994-ல் மறு ஏலத்தில் 11 கோடியே 78 லட்சத்துக்குப் போயிற்று. ஏலம் எடுத்தவர் மீது தவறில்லை என்று கண்ட நீதிபதிகள், ஆணையத்துக்கும் நஷ்டம் எதுவும் இல்லாததால் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னார்கள். அரசாங்க ஆணையத்துக்கே நஷ்டமில்லாமல் ஈடு இல்லையென்றால், காதுகுத்துக்கு முழு வாடகை வாங்கிய மண்டபத்துக்கு மட்டும் எப்படி உண்டு?

“இடத்தை வாடகைக்கு விடுகிறோம், அவ்வளவுதான்” என்று சில மண்டபக்காரர்கள் சொல்வார்கள். அந்த வாசலும் அடைபட்டாயிற்று. 1997-ல் மத்திய அரசு மண்டபங்களுக்குச் சேவை வரி விதித்தது. தமிழ்நாட்டு மண்டபக்காரர்களின் சங்கம் சுப்ரீம் கோர்ட் வரை போய் வாதாடியது. மண்டபம் நடத்துவது வெறும் இடத்தைக் கொடுப்பதல்ல, அது ஒரு சேவை, வரி செல்லும் என்று 2004-ல் தீர்ப்பாயிற்று. 2017 முதல் அந்த வரியின் இடத்தில் ஜி.எஸ்.டி. இருக்கிறது. வரி கட்டும்போது சேவை, முன்பணம் கேட்கும்போது வெறும் நாலு சுவரா?

திருப்பிக் கொடுப்பது நடக்காத காரியம் என்றும் சொல்ல முடியாது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்து நாடெங்கும் கல்யாணங்கள் நின்றுபோயின. அந்த ஆண்டு அக்டோபரில், நடிகர் ரஜினிகாந்த் தம் ராகவேந்திரா கல்யாண மண்டபத்தின் சொத்து வரி குறித்து சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார். மார்ச் 24 முதல் மண்டபம் காலியாக இருப்பதாகவும், பதிவுகளை ரத்துச் செய்து முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும் அந்த மனுவில் சொல்லியிருந்தார். நீதிமன்றம் கடிந்துகொண்டது, அவர் மனுவை வாபஸ் வாங்கி வரியையும் கட்டினார். வரி விவகாரம் ஒருபுறமிருக்கட்டும். மனமிருந்தால் முன்பணத்தைத் திருப்பித் தர முடியும் என்பதற்கு அந்த மனுவே அத்தாட்சி.

அப்படியானால் மற்றவர்கள் ஏன் தருவதில்லை? இங்கேதான் வாசகர்களைப் பார்த்து ஒரு கசப்பான வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் கேட்பதில்லை. கத்தரிக்காய் வாங்கும்போது கால் கிலோவுக்குக் கொசுறு கேட்டு வாதாடுகிற நாம், மண்டபத்து மேஜை முன்னால் ஊமையாகிவிடுகிறோம். “மங்கள காரியம், வாய்ச்சண்டை எதற்கு?” என்று வீட்டிலே தடுக்கிறார்கள். பெண்ணைக் கொடுக்கும் நேரத்தில் வழக்கு, வம்பு என்றால் அபசகுனம் என்று பயப்படுகிறோம். சமையலுக்கும் அலங்காரத்துக்கும் அவர்கள் சொன்ன ஆளையே வைக்க வேண்டுமென்றாலும் சம்மதிக்கிறோம். சுத்தம் செய்ய இவ்வளவு, ஜெனரேட்டருக்கு இவ்வளவு என்று கல்யாணம் முடிந்த மாலையில் நீட்டும் பில்லையும் கண்ணை மூடிக்கொண்டு கட்டுகிறோம். நம்முடைய மங்கள பயந்தான் அவர்களுடைய மூலதனம்.

நான் கேட்பது பெரிய புரட்சியல்ல. விதிகள் தமிழில், படிக்கக்கூடிய எழுத்தில் இருக்கட்டும். பணம் வாங்குமுன் படித்துக் காட்டட்டும். எந்தெந்தச் செலவு தனி என்று அப்போதே எழுதித் தரட்டும். சாவோ நோயோ குறுக்கிட்டால், நாள் காலியிருக்கும் பட்சத்தில் தேதியை மாற்றித் தரட்டும். விட்ட நாளை வேறொருவர் எடுத்துக்கொண்டால், சிறிய செலவுத் தொகையை மட்டும் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தரட்டும். மறுத்தால், மதுரையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த பணம் 5 லட்சத்துக்கு மேற்படாத வரை மனுவுக்குக் கட்டணமும் இல்லை. கல்யாணம் முடிந்த பிறகாவது, அபசகுன பயம் தீர்ந்த பிறகாவது, அந்தப் படியேறலாம் அல்லவா?

மாமா மகளின் கல்யாணம் ஆவணியில் திருவாதவூர்க் கோயிலில் நடந்தது. வீட்டு வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டுச் சாப்பாடு. தெருவே வந்து பரிமாறியது. பந்திக்கு நடுவே மாமாவின் காதோடு, மனு எழுதித் தருகிறேன், கையெழுத்துப் போடுவீர்களா என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் அத்தை குறுக்கிட்டாள்:

“நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது?”

மாமா சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். மறுவீடு முடியட்டும் என்று காத்திருக்கிறேன். மனு என் மேஜைமேல் தயாராக இருக்கிறது.