கலர் படம் மட்டும் போதுமா?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எதையாவது எடுத்துப் புரட்டிப் பாருங்க. நாலாவது சாப்டர் பக்கம் ஒரு கலர் படம் கண்டிப்பா இருக்கும். நீலத்துல ஆரம்பிச்சு, பச்சை, மஞ்சள் தாண்டி, ஒரு மூலையில மட்டும் சிவப்பு. கீழே, "அதிகபட்ச ஸ்ட்ரெஸ் இவ்வளவு, எனவே டிசைன் பாதுகாப்பானது" என்று ஒரு வரி. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "அன்சிஸ்ல வந்துச்சு" என்பார்கள். வைவாவுல அதுக்கு மேல யாரும் நோண்டுறதும் இல்லை.

சிமுலேஷனே வேண்டாம்னு சொல்ல வரலை. ஒவ்வொரு டிசைனையும் செஞ்சு உடைச்சுப் பார்க்க நம்மகிட்ட காசும் இல்லை, நேரமும் இல்லை. ஆனா சிமுலேஷன் நாம கொடுத்த லோடு, நாம கொடுத்த சப்போர்ட், நாம கொடுத்த மெட்டீரியல் இவைகளுக்கு மட்டும்தான் பதில் சொல்லும். நாம யோசிக்காததை அது நமக்காக யோசிக்காது.

நம்பலைன்னா இன்னிக்கே கேட் லேப்ல ஒண்ணு செஞ்சு பாருங்க, பத்து நிமிஷம்தான். எல் வடிவத்துல ஒரு பிராக்கெட் வரைங்க. உள்மூலையை வளைக்காம கூர்மையாவே விடுங்க. மெஷ் அளவு 5 மி.மீ. வெச்சு ரன் பண்ணுங்க. அப்புறம் 2, அப்புறம் 1, அப்புறம் 0.5. ஒவ்வொரு தடவையும் அந்த மூலையில ஸ்ட்ரெஸ் ஏறிக்கிட்டே போகும், எங்கேயும் நிக்காது. ஏன்னா இலாஸ்டிக் கணக்குப்படி கூர்மையான உள்மூலையில ஸ்ட்ரெஸ் முடிவிலி. நீங்க எந்த மெஷ்ல சலிச்சுப்போய் நிறுத்துறீங்களோ, அதுதான் உங்க 'விடை'. அதே மூலைக்கு ஒரு ஃபில்லெட் கொடுங்க, எண் ஒரு இடத்துல வந்து நிக்கும். இதைச் செய்யாம "ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி 2.1" என்று தசமப் புள்ளியோட எழுதுறது எனக்குக் கொஞ்சம் சிரிப்பாத்தான் இருக்கு.

நார்வேக்காரங்களுக்கு இது சிரிப்பா இல்லை. 1991 ஆகஸ்ட் 23 அன்று, ஸ்லைப்னர் ஏ என்ற கடல் மேடையின் கான்கிரீட் அடித்தளத்தைச் சோதனைக்காகத் தண்ணீருக்குள் இறக்கினார்கள். ஒரு சுவர் உடைந்து மொத்தமும் மூழ்கியது. மூணு சுவர் சேருற இடத்துல மெஷ் சரியில்லாததால, ஷியர் ஸ்ட்ரெஸ் 47 சதவீதம் குறைவா வந்திருந்தது. அந்த எண்ணை நம்பிப் போட்ட கம்பியும் போதலை. விபத்துக்கு அப்புறம் அதே ஃபைனைட் எலிமென்ட் முறையில கவனமா கணக்குப் போட்டாங்க. 62 மீட்டர் ஆழத்துல உடையும்னு வந்தது. நிஜத்துல உடைஞ்சது 65 மீட்டர்ல!

சரியா 32 வருஷம் கழிச்சு, அதே ஆகஸ்ட் 23ல்தான் சந்திரயான்-3 இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் நம்ம பக்கத்து விழுப்புரத்துக்காரர் என்பதைச் சொல்லிப் பெருமைப்பட்டோம், சரி. அவங்க என்ன மாத்தினாங்கன்னு எத்தனை பேர் படிச்சோம்? 2019ல் சந்திரயான்-2 இறங்கும்போது, எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிட அதிக உந்துவிசை கொடுத்தன. பிழை சேர்ந்துகிட்டே போச்சு. அதைச் சரிசெய்ய லேண்டர் வேகமா திரும்ப வேண்டியிருந்தது. மென்பொருள் வெச்சிருந்த வரம்பு அதுக்கு இடம் கொடுக்கலை. இறங்க ஒதுக்கிய இடமும் 500க்கு 500 மீட்டர்தான். அதாவது, வந்த நிலைமை அவங்க நினைச்சு வெச்ச எல்லைக்கு வெளியே இருந்தது.

அடுத்த தடவை, "எது எது கெட்டுப்போகலாம்" என்பதிலிருந்தே டிசைனை ஆரம்பிச்சதா அப்போதைய இஸ்ரோ தலைவர் சோம்நாத் சொன்னார். இறங்கும் இடம் 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. ஆச்சு. கால்கள் வலுவாச்சு, எரிபொருள் கூடியது. அதோட நிறுத்தாம, ஹெலிகாப்டர்ல கட்டிப் பறக்கவிட்டுச் சென்சாரைச் சோதிச்சாங்க. கிரேன்ல தொங்கவிட்டு எஞ்சினை எரிச்சுப் பார்த்தாங்க. நிலா மண் மாதிரியே தயாரிச்ச மண்ணுல லேண்டர் காலை இறக்கிப் பார்த்தாங்க. இஸ்ரோ இப்படி நிலா மண் செய்ய அனார்த்தசைட் பாறை எடுத்த ஊர்கள், நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியும் குன்னமலையும். சூப்பர் கம்ப்யூட்டர் வெச்சிருக்கிறவங்களே நாமக்கல் பாறையைப் பொடிச்சுப் பார்த்திருக்காங்க. நாம ஒரு ஸ்பிரிங் பேலன்ஸ்கூட எடுக்காம ரிப்போர்ட்டை பைண்டிங்குக்குக் கொடுத்துடுறோம்.

"எங்ககிட்ட கிரேன் இல்லையே"ன்னு கேட்கலாம். கிரேன் வேண்டாம். பேப்பர்ல ஒரு கேன்டிலீவர் கணக்கு, மூணு மெஷ் அளவுக்கு ஒரு டேபிள், ஏதாவது ஒரே ஒரு அளவீடு. இது மூணும் இல்லாத படத்தை கைடு திருப்பி அனுப்பணும். அனுப்பினா நாம முணுமுணுப்போம், பரவாயில்லை.

சிவில் பசங்களுக்கு வேலை இன்னும் பக்கத்துலயே இருக்கு. வேங்கிக்கால்ல இருந்து பார்த்தாலே மலை தெரியுது. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், அந்த மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து 7 பேர் இறந்தார்கள். அதுக்கப்புறம் சரிவு நிலைத்தன்மை சிமுலேஷன் எடுக்க நினைக்கிறவங்க இருப்பீங்க, நல்லது. ஆனா கோஹிஷன், ஃப்ரிக்ஷன் ஆங்கிள்னு சாஃப்ட்வேர் கேட்கிற இடத்துல புத்தக டேபிள்ல இருந்து எண்ணை எடுத்துப் போடாதீங்க. மழையில நுண்துளை நீர் அழுத்தம் ஏறினா மண்ணோட பிடிப்பே இறங்கிடும். காய்ஞ்ச மண்ணுக்கு நிக்கிற சரிவு, நனைஞ்ச மண்ணுக்கு நிக்காது. அடிவாரத்து மண்ணை எடுத்து வந்து, காய்ஞ்சது ஒண்ணு, நல்லா ஊறினது ஒண்ணு என ஷியர் பாக்ஸ்ல போட்டுப் பாருங்க. அந்த மெஷின் நம்ம சாயில் லேப்லயே ஜன்னலோரம் இருக்கு. ரெக்கார்டு நோட்டுக்காக செமஸ்டருக்கு ஒரு தடவைதான் அதைத் தூசி தட்டுறோம்.