வீணையில் அபஸ்வரமா? முதலில் மெழுகைப் பாருங்கள்!

ஆரணி பக்கத்தில் பட்டுத்தறி ஓடும் பெரணமல்லூர் மாதிரி ஊரில், தறி மக்கர் செய்தால் பார்த்துச் சொல்ல ஆள் கிடைத்துவிடும். வீட்டு வீணை அபஸ்வரம் பேசினால்?

பெரும்பாலும் திட்டு விழுவது வாசிக்கும் பிள்ளைக்குத்தான். ‘விரலை ஒழுங்கா வை’ என்று பத்து தடவை கேட்ட பிள்ளை, தனக்கு இசை வராது என்று முடிவு கட்டி வீணையை உறையில் போட்டுவிடும். ஆனால், கோளாறு மெழுகில் இருக்கலாம்.

வீணையில் 24 மெட்டுகள். கிட்டார் மாதிரி இவை மரத்தில் பதிக்கப்பட்டவை அல்ல. தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த கறுப்பு மெழுகின் மேல் உட்கார்ந்திருப்பவை. வெயிலில் மெழுகு இளகும். கமகத்துக்காகத் தந்தியை இழுத்து இழுத்து வாசிக்க, வருடக்கணக்கில் மெட்டுகளும் இம்மி இம்மியாக நகரும். பிரடையைத் திருகினால் தந்தி முழுவதற்கும்தான் சுருதி ஏறும், இறங்கும். நகர்ந்த மெட்டு ஒன்றை மட்டும் அது சரிசெய்யாது.

அமெரிக்காவின் பெடல் ஸ்டீல் கிட்டாரிலும் இதே தலைவலி உண்டு. தந்திகளுக்குச் சுருதி சேர்த்தது போதாது. பெடலை மிதிக்கும்போது தந்தி எவ்வளவு ஏற வேண்டும் என்பதைத் தனியாக முடுக்க வேண்டும். அதனால் அங்கும் விவரம் தெரிந்தவரைத் தேடிப் போகிறார்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை

* தந்தி பழசாக இருந்தால் முதலில் புதுசு மாற்றுங்கள். தேய்ந்த தந்தியும் பொய் சொல்லும்.
* சாரணித் தந்திக்குச் சுருதி சேர்த்து, 12-வது மெட்டை அழுத்தி மீட்டுங்கள். சரியாக மேல் ஸட்ஜமம் கேட்க வேண்டும். 7-வது மெட்டில் பஞ்சமம். மொபைலில் ட்யூனர் ஆப் இருந்தால் இன்னும் சுலபம்.
* எல்லா மெட்டிலும் ஒரே அளவு பிசகினால், பிரடை வேலை. சில மெட்டுகள் மட்டும் பிசகினால், மேளம் கட்ட வேண்டும்.

யாரிடம் போவது?

மேளம் கட்டுவது தனிக்கலை. பழைய மெழுகை எடுத்து, புதிதாக வைத்து, ஒவ்வொரு மெட்டையும் மீட்டிக் கேட்டுக் கேட்டே நிறுத்த வேண்டும். யூடியூப் பார்த்து மெழுகைச் சூடாக்கும் விஷப்பரீட்சை வேண்டாம். வீணை ஆசிரியரிடம் கேட்டால் நல்ல கைக்காரரைச் சொல்வார். தலைமுறையாக வீணை செய்கிறவர்கள் இருக்கும் ஊர் தஞ்சாவூர். தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று வீணைகள் இருந்தால், செலவைப் பகிர்ந்துகொண்டு ஒருவரையே ஊருக்கு வரவழைக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

வேலை கொடுக்கும்போது நீங்கள் வாசிக்கும் கட்டையை மறக்காமல் சொல்லுங்கள். முடிந்ததும் வாசிக்கும் பிள்ளையையே உட்காரவைத்து எல்லா மெட்டையும் வாசிக்கச் சொல்லுங்கள். ஒருவர் அழுத்தும் அழுத்தம் இன்னொருவருக்கு வராது.

பிறகு வீணையை ஜன்னல் வெயிலிலோ, மூடிய காரிலோ வைக்காதீர்கள். பிசகிய மெட்டோடு ‘பரீட்சை முடியட்டும்’ என்று தள்ளிப்போடவும் வேண்டாம். தப்பான காந்தாரத்துக்குப் பிள்ளையின் காது பழகிவிட்டால், அதைத் திருத்த எந்தக் கைக்காரரும் கிடைக்கமாட்டார்!