நல்ல பிராட்பேண்ட் எது என்று என்னைக் கேட்காதீர்கள்

ரிட்டயர் ஆனவனுக்கு வேறு வேலை இல்லை, விளம்பரத்தில் இருக்கும் பொடி எழுத்தைக்கூட விடாமல் படித்து வைத்திருப்பான் என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை. அதனால் சென்னீர்குப்பத்துக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள், பால் யார் போடுகிறார்கள், தண்ணீர் கேன் யார் போடுகிறார்கள் என்று விசாரித்த கையோடு, “சார், இங்கே எந்த நெட் நல்லா இருக்கும்?” என்றும் கேட்கிறார்கள்.

நான் சொல்லும் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை. வாசலுக்கு வெளியே வந்து கரண்ட் கம்பத்தை அண்ணாந்து பாருங்கள். அதில் யாருடைய பெட்டி தொங்குகிறதோ அதுதான் உங்கள் நெட். நல்லதா கெட்டதா என்பதெல்லாம் பிறகு.

பேப்பரிலும் யூடியூபிலும் ‘சிறந்த பிராட்பேண்ட் எது’ என்று பட்டியல் போடுகிறவர்கள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. இந்தக் கம்பெனியில் இவ்வளவு வேகம், அந்தக் கம்பெனியில் இத்தனை சினிமா ஆப் இலவசம் என்று கட்டம் கட்டிக் காட்டுகிறார்கள். கடையில் பத்துச் சட்டை தொங்குகிற மாதிரியும், நாம் போய்த் தடவிப் பார்த்து ஒன்றை எடுக்கிற மாதிரியும் ஒரு பாவனை. பூந்தமல்லி–ஆவடி ரோட்டிலிருந்து உள்ளே நாலு சந்து தள்ளி இருக்கிற வீட்டுக்கு அந்தப் பத்தில் எத்தனை வரும்? ஒன்று வரும். மிஞ்சினால் இரண்டு.

ஆவடியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் எழுத்தராக இருந்தவன் நான். பத்து நாற்காலி வாங்குவதானாலும் மூன்று கொட்டேஷன் வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்து, மேலே அனுப்ப வேண்டும். ஒரே ஆளிடம்தான் வாங்க முடியும் என்றால் அதற்கு ‘சிங்கிள் டெண்டர்’ என்று பெயர். ஏன் வேறு ஆள் கிடையாது என்று காரணம் எழுத வேண்டும், இந்தப் பொருளை இவர் ஒருவர்தான் தயாரிக்கிறார் என்று சான்றிதழ் வைக்க வேண்டும், அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். ஆடிட் வந்தால் முதலில் கேட்கிற ஃபைலே அதுதான். அரசாங்கம் தனக்கு வாங்கும்போது அவ்வளவு சந்தேகப்படுகிற விஷயத்தை, ஜனங்கள் வாங்கும்போது ‘சந்தைப் போட்டி’ என்று சொல்லிவிடுகிறது. எங்கள் தெருவில் நடப்பது சுத்தமான சிங்கிள் டெண்டர். காரணம் எழுதத்தான் யாரும் இல்லை.

“ஏன் சார், அரசாங்கக் கம்பெனி இருக்கே, அதைப் போட்டுக்கலாமே?” என்பார்கள். எனக்கும் அந்தப் பாசம் உண்டு. ஆனால் இன்றைக்கு பி.எஸ்.என்.எல். ஃபைபர் கேட்டு விண்ணப்பித்தால் பெரும்பாலான இடங்களில் வீட்டுக்கு வருகிறவர் பி.எஸ்.என்.எல். ஊழியர் இல்லை. அவர்களோடு வருமானப் பங்கீட்டு ஒப்பந்தம் போட்டிருக்கிற உள்ளூர்ப் பங்குதாரர். பல ஊர்களில் அவர் வேறு யாருமில்லை, பழைய கேபிள் டி.வி. அண்ணன்தான். அவரே இன்னொரு தனியார் நெட்டுக்கும் ஏஜெண்டாக இருப்பார். பில்லில் சின்னம் மாறும், கம்பத்தில் ஏறுகிற தம்பி மாற மாட்டான். அந்தத் தம்பிகளைக் குறை சொல்லவில்லை. மழையில், உயிரைப் பணயம் வைத்து, கரண்ட் கம்பிக்கு ஒரு சாண் கீழே தொங்கிக்கொண்டு வேலை செய்கிறார்கள்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 100 எம்.பி.பி.எஸ். என்றால் விநாடிக்கு நூறு மெகாபைட் இல்லை, மெகாபிட். எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை மெகாபைட். அதுவும் ‘வரை’ என்ற ஒட்டுச் சொல்லோடு. 100 வரை என்றால் 3-ம் அதற்குள் அடக்கம். சர்க்காரின் கணக்குப்படி பிராட்பேண்ட் என்று பெயர் வாங்க 2004-ல் 256 கே.பி.பி.எஸ். போதும், 2013-ல் 512 ஆனது, 2023-ல்தான் 2 எம்.பி.பி.எஸ். ஆனது. ஆக 100 என்று விற்று 2 கொடுத்தாலும் சட்டப்படி பிராட்பேண்ட்தான். இன்னொரு பக்கம் ‘அன்லிமிடெட்’ என்று போட்டுவிட்டு மாதம் 3,300 ஜி.பி. என்று கீழே பொடி எழுத்தில் எழுதுகிறார்கள். அந்த அளவை என் போன்ற வீடு நாலு மாதத்திலும் தொடாது. ஒரு படத்தைத் தெளிவாகப் பார்க்க 5 எம்.பி.பி.எஸ். போதும். ஆகவே வேகத்தையும் அளவையும் வைத்துச் சண்டை போடுவது, ஓடாத பஸ்ஸில் எத்தனை சீட் என்று எண்ணுவது மாதிரி.

ஓடாவிட்டால் என்ன ஆகிறது? அடுத்த தெருவில் ஒரு பெண். வீட்டிலிருந்தபடியே மெடிக்கல் கோடிங் செய்கிறது. அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லுக்கு நம்பர் போடுகிற வேலை, ஒரு நாளைக்கு இத்தனை சார்ட் என்று கணக்கு. கைக்குழந்தை இருப்பதால் ஆபீசுக்குப் போக முடியாது. போன மழைக்காலத்தில் கம்பம் மாற்றினார்கள், ஒயர் அறுந்தது. ஐந்து நாள் நெட் இல்லை. கால் சென்டரில் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று தினமும் ஒரு மெசேஜ் மட்டும் தவறாமல் வந்தது. மொபைல் டேட்டாவில் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தது, கம்பெனி சாஃப்ட்வேர் பாதியில் துண்டித்துக்கொண்டே இருந்தது. ஐந்து நாள் சம்பளம் போனதோடு, இன்னொரு முறை இப்படி ஆனால் ஆபீசுக்கு வந்துதான் வேலை செய்ய வேண்டும் என்று எழுத்தில் எச்சரிக்கை வேறு. “வேற நெட் மாத்திக்கலாம்னா இந்தத் தெருவுக்கு வராதுங்கிறாங்க ஐயா” என்றது. ஏற்கெனவே ஒரு வருஷப் பணம் முன்கூட்டியே கட்டியாகிவிட்டது. பன்னிரண்டு மாதம் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்று சொல்லி வாங்கியிருக்கிறார்கள்.

விதி இல்லாமல் இல்லை. பழுது மூன்று நாளைத் தாண்டினால் ஏழு நாள் வாடகை, ஏழு நாளைத் தாண்டினால் பதினைந்து நாள் வாடகை, பதினைந்தைத் தாண்டினால் ஒரு மாத வாடகை கழிக்க வேண்டும் என்று 2006-லேயே டிராய் ஒழுங்குமுறை போட்டது. அந்தப் பெண்ணுக்கு நானே மனு எழுதிக் கொடுத்தேன். நூற்றுச் சொச்சம் ரூபாய் திரும்பி வந்தது. இழந்த சம்பளத்துக்கு அதில் ஒரு இட்லிப் பொட்டலம்கூடத் தேறாது. டிராயிடமே புகார் கொடுக்கலாம் என்றால், தனி நபர் புகாரை அவர்கள் விசாரிப்பதில்லை. நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா என்பதே பல வருஷம் சந்தேகத்தில் இருந்தது. டெலிபோன் தகராறு அங்கே வரக்கூடாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, வரலாம் என்று 2022 பிப்ரவரியில் அதே நீதிமன்றம்தான் தெளிவுபடுத்தியது. பதின்மூன்று வருஷம்!

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த நிலைமை தானாக வரவில்லை. ஒரு ஃபைலில் ஒரு நோட்டில் முடிவானது.

2004-ல் டிராய் பிராட்பேண்ட் பற்றிப் பரிந்துரை அனுப்பியது. ஊரெல்லாம் டெலிபோன் செம்புக் கம்பி ஏற்கெனவே போட்டிருக்கிறது, அதைப் போட்டது அரசாங்கம், அந்தக் கடைசித் துண்டுக் கம்பியை நியாயமான வாடகைக்கு எல்லாக் கம்பெனிக்கும் திறந்துவிடுங்கள், ஒரே கம்பியில் யார் வேண்டுமானாலும் இணையம் விற்கட்டும் என்பது அதன் சாரம். அக்டோபரில் வந்த பிராட்பேண்ட் கொள்கையில் இது இல்லை. கம்பெனிகள் தங்களுக்குள் பேசி ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்று முடித்துவிட்டார்கள். யாரும் பேசவில்லை, ஒப்பந்தமும் ஆகவில்லை. 2010-க்குள் 2 கோடி இணைப்பு என்று அதே கொள்கை சொன்னது. வந்தது அதில் ஏறக்குறைய பாதி.

அன்றைக்கு எங்கள் தொழிற்சங்கக்காரர்கள், நாம் போட்ட கம்பியைத் தனியாருக்கு எதற்குத் தர வேண்டும் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கம்பியை யாருக்கும் தராமல் காப்பாற்றி என்ன கண்டோம்? 2005-ல் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்தபோது, ராத்திரி இரண்டு மணியிலிருந்து காலை எட்டு மணிவரை கணக்கில்லை என்று ஒரு சலுகை இருந்தது. என் பையன் அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடு போடுவான். அந்தக் கம்பி இன்று மண்ணுக்குள் சும்மா கிடக்கிறது, அல்லது திருடி எடைக்குப் போய்விட்டது. தனியார்கள் காத்திருக்கவில்லை, தலைக்கு மேலே ஆளுக்கொரு ஒயர் இழுத்துக்கொண்டார்கள். இழுக்க லாபமுள்ள தெருவுக்கு மூன்று ஒயர், லாபமில்லாத தெருவுக்கு ஒன்று.

பிரெஞ்சு தேசத்தில் இதை வேறு மாதிரி செய்தார்கள். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, இந்திய அரசு ஃபைலில் இங்கிலீஷில் நோட் எழுதிக் காலம் தள்ளியவன். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் அங்கே போய்விட்டதால் அந்த ஊர்க் கதை காதில் விழுந்துகொண்டே இருக்கும். 1982-லேயே டெலிபோனோடு ‘மினித்தெல்’ என்று ஒரு சின்னத் திரையை இலவசமாகக் கொடுத்து, டைரக்டரி பார்ப்பதும் ரயில் டிக்கெட் வாங்குவதும் வீட்டிலிருந்தே என்று ஆக்கியவர்கள். 2012 ஜூன் 30-ல்தான் அதை மூடினார்கள். அந்தப் பெருமையால் இணையத்தில் கொஞ்சம் பின்தங்கியும் போனார்கள். ஆனால் 2000-க்குப் பிறகு ஐரோப்பிய விதிப்படி, அரசாங்கம் போட்ட டெலிபோன் கம்பியை மற்ற கம்பெனிகளுக்குத் திறந்தார்கள். ‘தெக்ரூப்பாஜ்’ என்று அதற்குப் பெயர், கட்டை அவிழ்ப்பது. 2002-ல் ஒரு புதிய கம்பெனி மாதம் 29.99 யூரோவுக்கு இணையம் தந்து சந்தையையே கலக்கியது, அந்தத் திறந்த கம்பியின் மேல் நின்றுதான். ஃபைபர் வந்தபோது, 2008 ஆகஸ்டில் சட்டம் போட்டார்கள்: ஒரு கட்டடத்துக்குள் யார் ஃபைபர் இழுத்தாலும், மற்றக் கம்பெனிகளும் அதே இழையில் விற்க இடம் தர வேண்டும். என் தங்கை மகன் அங்கே மூன்று முறை கம்பெனி மாற்றிவிட்டான். சுவரில் இருக்கும் முனை ஒன்றுதான், பெட்டிதான் மாறியது.

வெள்ளைக்காரன் கதை நமக்கெதற்கு என்று சிலருக்குத் தோன்றும். சரி, நம் கதைக்கே வருவோம். மொபைலில் நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்தது. அதன் பிறகு மொபைல் கம்பெனிகள் நம்மிடம் எவ்வளவு பணிவாகப் பேசின என்று ஞாபகம் இருக்கிறதா? வீட்டு நெட்டுக்கு அந்தப் பணிவு ஏன் இல்லை என்றால், நாம் எங்கும் போக முடியாது என்று அவர்களுக்குத் தெரியும்.

போட்டியால் விலை குறையவில்லையா என்று கேட்கலாம். குறைந்தது. 399 ரூபாய்க்கு, 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு, 30 எம்.பி.பி.எஸ். கிடைக்கிறது. நான் மறுக்கவில்லை. விலை ஊர் முழுக்கப் போட்டியில் நிர்ணயமாகிறது. ஒயர் அறுந்தால் எப்போது வருவான் என்பது தெருவில் நிர்ணயமாகிறது, அங்கே போட்டி கிடையாது. இப்போது ‘ஏர்ஃபைபர்’ என்று ஒயர் இல்லாமல் 5ஜி-யில் வருகிறதே என்றால், வரட்டும், நல்லதுதான். ஆனால் ஒரு டவரின் அலையைத் தெருவே பங்கு போட வேண்டும். சாயங்காலம் எல்லா வீட்டிலும் சீரியல் ஓடும்போதுதான் அதன் சாயம் தெரியும்.

ஆகவே என் கட்சி இதுதான்: ஒயர் வேறு, வியாபாரம் வேறு. கடைசி அரைக் கிலோமீட்டர் இழை ரோடு மாதிரி, சாக்கடை மாதிரி பொதுவாக இருக்க வேண்டும். அதன் மேல் யார் வேண்டுமானாலும் விற்கட்டும். இது கனவு இல்லை. 2023-ல் நிறைவேறிய தொலைத்தொடர்புச் சட்டத்திலேயே, பொதுக் குழாய்ப் பாதைகள் அமைத்து எல்லோருக்கும் திறந்த முறையில் தரலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் திட்டமும் அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. இழையை ஆபீஸ் வாசல் வரை கொண்டுவந்துவிட்டு, அங்கிருந்து வீட்டுக்கு மறுபடியும் கம்பத்தை அண்ணாந்து பார்க்கச் சொன்னால் என்ன பிரயோஜனம்?

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு உபகாரம். சங்கத்துக்கு ஏதோ தொகை கொடுத்து ஒரே கம்பெனி உள்ளே வருகிற ஒப்பந்தம் இருக்கிறதா என்று அடுத்த பொதுக்குழுவில் எழுந்து கேளுங்கள். இருந்தால் அதன் நகலைக் கேளுங்கள். பதில் சொல்லச் செயலாளர் தடுமாறினால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். புதிதாக இணைப்பு எடுப்பவர்கள், எத்தனை மாதம் இலவசம் என்று காட்டினாலும் மாதப் பணம்தான் கட்டுங்கள். கோபித்துக்கொண்டு போகும் உரிமைக்கு அந்த ஒரு மாத இலவசம் ஈடாகாது.

எங்கள் பக்கம் மழைநீர் வடிகாலுக்கு ரோட்டைத் தோண்டப் போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. எப்படியும் தோண்டுகிற பள்ளத்தில் காலியாக ஒரு குழாயைப் புதைத்து, அதை எந்தக் கம்பெனியும் வாடகைக்கு எடுக்கலாம் என்று அறிவிக்கச் சொல்லி ஒரு மனு எழுதியிருக்கிறேன். பிரிவு எண்ணெல்லாம் போட்டிருக்கிறது. திங்கட்கிழமை திருவள்ளூர் கலெக்டர் ஆபீசில் குறைதீர் நாள். இதுவரை பதினேழு கையெழுத்து ஆகியிருக்கிறது, அந்தக் கோடிங் பெண்ணுடையது முதலாவது. தெருக்காரர்கள் சனி, ஞாயிறு சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு மணிவரை என் வீட்டுக்கு வரலாம். நெட் இல்லாவிட்டாலும் நான் இருப்பேன்.